பி.பார்ம் முடித்துவிட்டு அமெரிக்காவில் பார்ம்.டி: எந்தப் பாடம் எப்போது, அனுபவம் எங்கே?

மல்லிகைப்பந்தல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக இங்கே ஓரமாக நின்று படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் எழுதத் துணிந்தேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2012-இல் தமிழ்நாட்டில் பி.பார்ம் முடித்தேன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இரண்டரை வருடம் வேலை. அப்புறம் கல்யாணம், டல்லாஸ், இரண்டு பிள்ளைகள். கணவரைச் சார்ந்து வந்த எச்4 விசாவில் எட்டு வருடம் வீட்டோடு இருந்தாயிற்று. போன மாதம் கிரீன் கார்டு கைக்கு வந்தது. சின்னவளும் இப்போது முழுநாள் பள்ளிக்குப் போகிறாள்.

முதலில், வெளிநாட்டில் பார்மசி படித்தவர்களுக்கான எஃப்.பி.ஜி.இ.இ. தேர்வு எழுதி உரிமம் வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். 2003 ஜனவரி 1-க்குப் பிறகு பட்டம் வாங்கியவர்களுக்கு ஐந்து வருடப் படிப்பு இருந்தால்தான் அந்த வழி என்று தெரிந்ததும் புஸ்ஸென்று போய்விட்டது. நம் பி.பார்ம் நான்கு வருடம்தானே. ஆகவே இங்கே மருந்தாளுநராவதற்கான பார்ம்.டி பட்டப்படிப்பை முதலிலிருந்து படிப்பது என்று முடிவு.

என் திட்டம் இது. 2026 ஜனவரியில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புக் கல்லூரி) ஆர்கானிக் கெமிஸ்ட்ரி 1, மைக்ரோபயாலஜி, அனாட்டமி 1, பிசிக்ஸ். சம்மரில் ஆர்கானிக் 2. ஃபால் செமஸ்டரில் மிச்சம் எல்லாம். டிசம்பரோடு முடித்துவிட்டு, 2027 ஜூலையில் பார்ம்காஸில் (பார்மசி கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளம்) விண்ணப்பம், 2028 ஆகஸ்டில் சேர்க்கை. இடையில் இருக்கும் காலத்தில் ஏதாவது மருத்துவமனையில் தன்னார்வலராகப் போகலாம் என்று எண்ணம். சரியாக வருமா? பார்மசி கல்லூரி நுழைவுத் தேர்வான பிகேட்டுக்கு ஒரு பழைய புத்தகமும் 5 டாலருக்கு வாங்கி வைத்திருக்கிறேன்.

மின்னல்வேகம் எழுதியது:

அக்கா, சம்மர் இரண்டு பாதியாக வரும். முதல் ஐந்து வாரத்தில் ஆர்கானிக் 1, அடுத்த ஐந்து வாரத்தில் ஆர்கானிக் 2. நான் அப்படித்தான் முடித்தேன். எதற்கு ஒரு வருடம் இழுக்க வேண்டும்?

புட்டிமூடி எழுதியது:

தம்பி என்ன கிரேடு வாங்கினார் என்று கேளுங்கள் 🙂

மல்லிகைப்பந்தல், நான் ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். கம்யூனிட்டி காலேஜ் வழியாகத்தான் பார்ம்.டி-க்குள் போனேன். முதலில் அந்தப் புத்தகத்தைப் பற்றி. பிகேட் தேர்வையே 2024 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். 5 டாலரோடு போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு போனதால் மதிப்பெண் பட்டியலின் கனம் கூடியிருக்கிறது, அதை மட்டும் மறக்க வேண்டாம்.

உங்கள் திட்டத்தில் இரண்டு ஓட்டை. ஒன்று உங்களுக்குக் காலத்தைக் கூட்டுகிறது, இன்னொன்று குறைக்கப் பார்க்கிறது.

குறைக்கப் பார்ப்பது வேதியியல். முன்பாடங்கள், அதாவது சேரும் முன் முடிக்க வேண்டியவை, என்று ஒவ்வொரு கல்லூரியும் போடும் பட்டியல் பெரிதாகத் தெரியும்: உயிரியல், அனாட்டமி-பிசியாலஜி, மைக்ரோ, பிசிக்ஸ், கால்குலஸ், புள்ளியியல், ஆங்கிலம், மேடைப்பேச்சு என்று போகும். அதில் பாதியை முன்னே பின்னே மாற்றிப் போடலாம். வேதியியலை மட்டும் மாற்றிப் போட முடியாது. டெக்சஸில் பாட எண்கள் மாநிலம் முழுக்க ஒன்றுதான், ஆகவே எண்ணோடு சொல்கிறேன். கெம் 1411 (பொது வேதியியல் 1) முடித்தால்தான் 1412 (பொது வேதியியல் 2). அது முடித்தால்தான் ஆர்கானிக் 1, எண் 2423. அதற்குப் பிறகு ஆர்கானிக் 2, எண் 2425. பயோகெமிஸ்ட்ரி கேட்கும் கல்லூரிக்குப் போவதென்றால் ஐந்தாவதாக அது, அதுவும் கம்யூனிட்டி காலேஜில் கிடைக்காது, பல்கலைக்கழகத்தில்தான் எடுக்க வேண்டும். ஒன்றின் வாலைப் பிடித்து இன்னொன்று. உங்கள் காலண்டரை இந்தச் சங்கிலிதான் போடும், நீங்கள் அல்ல. (எண்ணில் முதல் இலக்கம் எந்த வருடத்துப் பாடம், இரண்டாவது எத்தனை கிரெடிட். 1411 என்றால் முதல் வருடம், 4 கிரெடிட், லேப் சேர்த்து. பதிவு செய்யும்போது உதவும்.)

நீங்கள் 1411-ஐயும் 1412-ஐயும் விட்டுவிட்டு நேராக ஆர்கானிக்கில் குதிக்கிறீர்கள். பி.பார்மில் படித்ததுதானே என்று நினைத்திருப்பீர்கள். 2012 பட்டம். அறிவியல் பாடங்கள் இத்தனை வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் வரம்பு வைத்திருக்கின்றன, ஐந்து வருடம் என்பார்கள், பத்து என்பார்கள். வெளிநாட்டில் படித்த முன்பாடங்களை ஏற்காத கல்லூரிகளும் உண்டு. உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் சொன்னது எடுபடாது. வெளிநாட்டுப் படிப்பை அமெரிக்கக் கணக்கில் மாற்றிக் காட்டும் டபிள்யூ.ஈ.எஸ். மதிப்பீட்டையும், பாடம் பாடமாகப் பிரித்துக் காட்டும் வகையில், இப்போதே போட்டுவிடுங்கள். ஊரிலிருந்து மதிப்பெண் பட்டியல் உறையிட்டு வருவதற்குள் பிள்ளைகள் ஒரு வகுப்பு ஏறிவிடுவார்கள்.

காலத்தைக் கூட்டும் ஓட்டை அடுத்தது. எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று யார் சொன்னது? பார்ம்காஸில் இப்போது படித்துக்கொண்டிருப்பது, இனி படிக்கப்போவது இரண்டையும் காட்டலாம். கல்லூரியில் சேரும் முன் முடித்திருந்தால் போதும். ஆக, 2026 ஸ்பிரிங்கில் (ஜனவரி செமஸ்டர்) 1411, சம்மரில் 1412, ஃபாலில் 2423, 2027 ஸ்பிரிங்கில் 2425. 2026 ஜூலையில் விண்ணப்பம் திறந்ததும் கணக்கைத் தொடங்கி, சம்மர் கிரேடு வந்த பிறகு அனுப்புங்கள். 2027 ஆகஸ்டில் உள்ளே. முதலிலிருந்து தொடங்கியும் உங்கள் கணக்கைவிட ஒரு வருடம் முந்தி.

மின்னல்வேகம் எழுதியது:

சி. இரண்டிலும் 😐

ஆர்கானிக் 2-ஐ மறுபடி எடுத்தேன், பி வந்தது.

புட்டிமூடி எழுதியது:

வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி தம்பி, கேலிக்கு மன்னிக்கவும். இதையும் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்: உங்கள் காலேஜ் பழைய கிரேடை அழித்துப் புதியதை மட்டும் காட்டலாம், பார்ம்காஸ் அப்படிச் செய்யாது. இரண்டு முறை எடுத்தால் இரண்டும் சராசரியில் சேரும். ஆகவே மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் ஒரு பாடத்துக்குள் போகக் கூடாது. சம்மரில் 1412 எடுக்கச் சொல்கிறேனே என்று கேட்காதீர்கள். அதைப் பத்து வார வகுப்பாகப் பார்த்து, அது ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். ஆர்கானிக்கை ஐந்து வாரத்தில் எடுப்பது வேறு கதை. அங்கே எலக்ட்ரான் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டுப் போட்டுக் கை பழக வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் வினைகளை மனப்பாடம் செய்துகொண்டு போனால் முதல் தேர்விலேயே தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது, 61 மதிப்பெண்ணோடு.

நியூஜெர்சி அப்பா எழுதியது:

ஐயா, இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியிலேயே காலேஜ் தரத்தில் நடத்தும் ஏ.பி. கெமிஸ்ட்ரி, ஏ.பி. பயாலஜி எடுக்கிறாள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பள்ளி முடித்தவுடன் நேரடியாக ஆறு வருடப் பார்ம்.டி சேரலாம் என்கிறார்களே, அதற்கும் இந்த முன்பாடமெல்லாம் வேண்டுமா?

புட்டிமூடி எழுதியது:

அங்கே முதல் இரண்டு வருடமே முன்பாடம்தான் சார், அவர்களே வரிசை போட்டுத் தந்துவிடுவார்கள். இடம் கிடைத்தால் நல்ல வழி. ஆனால் பதினேழு வயதில் முடிவெடுக்கிறாள், அதை மட்டும் அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். ஏ.பி. மதிப்பெண்ணை லேப் உள்ள அறிவியல் பாடங்களுக்கு ஈடாக எல்லாக் கல்லூரியும் ஏற்பதில்லை, கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். பின்னால் பார்ம்காஸ் வழியாகப் போக நேர்ந்தால், உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே ஏதாவது காலேஜில் எடுத்த பாடத்தின் மதிப்பெண் பட்டியலும் போக வேண்டும். பலர் மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் ஓடுகிறார்கள்.

ராப்பணி எழுதியது:

யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். இந்த வேலை எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா?

நான் ஒரு சங்கிலி மருந்தகத்தில் பதினோரு வருடம் இருந்தேன். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். போன் அடித்துக்கொண்டே இருக்கும், டிரைவ் த்ரூவில் ஹாரன், நடுவில் தடுப்பூசி. 2023 செப்டம்பரில் கன்சாஸ் சிட்டியில் மருந்தாளுநர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள், செய்தியில் பார்த்திருப்பீர்கள். சம்பளத்துக்காக அல்ல, ஆள் பற்றாக்குறை தாங்காமல். சம்பளம் குறைவு என்று சொல்ல மாட்டேன், அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக் கணக்கில் 2023-இல் நடுமட்டச் சம்பளம் வருடத்துக்கு 1,36,030 டாலர். ஆனால் அதற்குக் கடன் எவ்வளவு?

கடன் விஷயத்தில் இன்னொன்று. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் கிடையாது. பார்ம்.டி போன்ற தொழிற்படிப்புக்கு அரசுக் கடன் வருடத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர் வரைதான். அதற்கு மேல் தனியார் வங்கி. 2027-இல் சேரும் மல்லிகைப்பந்தலுக்கு இது நேராகப் பொருந்தும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாட்டில் பார்மசி கல்லூரிகள் 140-க்கு மேல். விண்ணப்பிப்பவர்கள் பத்து வருடத்துக்கு முன்பு இருந்ததைவிடக் குறைவு. ஆகவே இடம் கிடைக்கும். இடம் கிடைக்கிறதே என்று சேர்ந்துவிடாதீர்கள். எந்தக் கல்லூரியில் எத்தனை பேர் நாப்ளெக்ஸ் என்ற உரிமத் தேர்வில் முதல் முறையே தேறினார்கள் என்று அதை நடத்தும் என்.ஏ.பி.பி. வருடாவருடம் வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

ராப்பணி அண்ணா, பயமுறுத்திவிட்டீர்கள். ஆனால் கேட்டது நல்லது. நேற்று ராத்திரி இதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. நான் பார்த்ததெல்லாம் தொழிற்சாலையும், ஊரில் மாமாவின் மெடிக்கல் ஷாப்பும்தான். இங்கே கவுன்டருக்கு இந்தப் பக்கம் வாங்குபவளாக நின்றதோடு சரி.

கவுன்டர் கண்ணம்மா எழுதியது:

அப்போது முதல் வேலையாக அந்தப் பக்கம் போய் நில்லுங்கள் அக்கா! நான் இப்போது பார்ம்.டி இரண்டாம் வருடம். அதற்கு முன் ஒன்றரை வருடம் மருந்தகத்தில் டெக்னீஷியன், அதாவது மருந்தாளுநரின் உதவியாளர். உங்கள் திட்டத்தில் அனுபவத்தைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள், பாடமெல்லாம் முடிந்தபிறகு. தலைகீழாக்குங்கள். இரண்டு வருடம் பணமும் நேரமும் போட்ட பிறகு இந்த வேலை பிடிக்கவில்லை என்று தெரிந்தால் யாருக்கு நஷ்டம்?

டெக்சஸில் பயிற்சி டெக்னீஷியனாக மாநில பார்மசி போர்டில் பதிவு செய்துகொண்டால் வேலைக்குச் சேரலாம், அந்தப் பதிவு இரண்டு வருடம். அதற்குள் பி.டி.சி.பி. போன்ற டெக்னீஷியன் சான்றிதழ்த் தேர்வு எழுதித் தேறினால் முழு டெக்னீஷியன். தனியாகக் காசு கட்டி டெக்னீஷியன் படிப்பு படிக்க வேண்டியதில்லை, வேலை கொடுக்கும் இடத்திலேயே சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. சனி, ஞாயிறு எட்டெட்டு மணி நேரம் போதும். வீட்டுக்காரர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

மருத்துவமனைத் தன்னார்வலர் என்றால் பெரும்பாலும் சக்கர நாற்காலி தள்ளுவது, வழி காட்டுவது, பூங்கொத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது. நல்ல வேலைதான், மருந்து வாடையே இருக்காது. மருந்தாளுநரிடம் கேட்டு ஓரிரு நாள் கூடவே நின்று பார்க்க முடிந்தால் அதையும் செய்யுங்கள், குறிப்பாக மருத்துவமனைப் பக்கம். ராப்பணி சொன்னது ஒரு வகைக் கடை. எல்லாம் அப்படியல்ல.

முதல் வாரம் நான் பட்டபாடு சொல்கிறேன். நம் ஊரில் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்போம். இங்கே தட்டில் கொட்டி, ஸ்பாட்டுலாவால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ண வேண்டும். தூக்கமாத்திரை, வலி மாத்திரை வகைகளை இரண்டு முறை. அதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். இன்சூரன்ஸ்தான் பழகாது. "இன்னும் ஆறு நாள் இருக்கிறது, இப்போது நிரப்ப முடியாது" என்று கணினி சொல்லும். எதிரே நிற்பவர் நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறார். அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் நேர்முகத்தில் கேட்பார்கள், வேறு வார்த்தையில். எனக்கு எம்.எம்.ஐ. என்ற, பல குட்டி நேர்முகங்கள் கொண்ட முறையில் அறை அறையாக அனுப்பினார்கள். ஒரு அறையில் கிட்டத்தட்ட இதே காட்சி. புத்தகத்தில் படித்துவிட்டுப் போயிருந்தால் விழித்திருப்பேன்.

அப்புறம் பெயர்கள்! பி.பார்ம் படித்தவர்களுக்கு இது தனிப் பாடம். பாரசிட்டமால் இங்கே அசிட்டமினோஃபென். சால்பியூட்டமால் இங்கே அல்பியூட்டரால். கிளிபென்கிளமைடு கிளைபுரைடு ஆகிவிடும். அட்ரினலின் எபிநெஃப்ரின். நீங்கள் படித்தது வீண் இல்லை, மறுபெயர் சூட்டிக்கொண்டு நிற்கிறது அவ்வளவுதான்.

எச்4 கூட்டாளி எழுதியது:

மல்லிகைப்பந்தலுக்குக் கிரீன் கார்டு இருப்பதால் சொன்னது எல்லாம் பொருந்தும். இதைப் படிக்கும் மற்ற எச்4 தோழிகள் கவனம். படிக்கத் தடையில்லை. வேலை அனுமதி இல்லாமல் டெக்னீஷியன் வேலைக்குப் போக முடியாது. வேறொருவருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்வதும் சிக்கலில் விடும், வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்காதீர்கள். மருந்தாளுநர் பக்கத்தில் நின்று பார்ப்பது மட்டும் என்றால் வேறு. அரசுக் கடனும் நமக்குக் கிடையாது.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

கண்ணம்மா, மாமா கடையில் சின்ன வயதில் அட்டை கத்தரித்த நினைவு வந்துவிட்டது. சனி, ஞாயிறு என்றதும் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆனால் சரி என்று சொல்லிவிட்டார்.

இரண்டு கேள்வி மிச்சம். சிபாரிசுக் கடிதம் யாரிடம்? ஊரில் என் பேராசிரியர் இன்னும் இருக்கிறார், கேட்டால் எழுதுவார். அடுத்து, கணிதம். கால்குலஸை நேராக எடுக்கலாமா? பன்னிரண்டாம் வகுப்பில் 200-க்கு 187 வாங்கியவள் நான்.

புட்டிமூடி எழுதியது:

187 வாங்கியது எந்த வருடம் என்று நான் கேட்கவில்லை 🙂 கணிதத்துக்கும் ஒரு குட்டிச் சங்கிலி உண்டு. மேத் 2413 கால்குலஸ், அதற்கு முன் 2412 பிரீகால்குலஸ். தகுதித் தேர்வில் நேராக 2413-க்கு அனுமதி கிடைக்கலாம். கிடைத்தாலும், மடக்கையும் முக்கோணவியலும் மறந்திருந்தால் ஜனவரியில் 2412 எடுத்து ஃபாலில் 2413 போங்கள். அல்லது கால்குலஸ் கேட்காமல் புள்ளியியல் மட்டும் கேட்கும் கல்லூரிகளாகப் பட்டியல் போடுங்கள். எல்லாக் கல்லூரிக்கும் பொருந்துகிற பட்டியல் என்று ஒன்று கிடையாது. ஐந்து கல்லூரியை நெடுக்காகவும் பாடங்களைக் குறுக்காகவும் எழுதி ஒரு கட்டம் போட்டுப் பாருங்கள். எல்லோரும் கேட்பது எது, ஒரே ஒரு கல்லூரி மட்டும் கேட்பது எது என்று கண்ணுக்குத் தெரியும். ஒரே ஒரு கல்லூரிக்காகப் பொருளாதாரப் பாடம் எடுப்பதா, அந்தக் கல்லூரியை விடுவதா என்பதை அப்போது முடிவு செய்யலாம்.

கடிதம். இரண்டு கேட்கும் இடங்கள் அதிகம். ஒன்று அறிவியல் ஆசிரியர், இன்னொன்று முடிந்தால் மருந்தாளுநர். ஊர்ப் பேராசிரியரின் கடிதத்துக்கு மரியாதை உண்டு, ஆனால் பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய உங்களைத்தான் அவருக்குத் தெரியும். 1411-லும் 1412-லும் ஒரே ஆசிரியர் கிடைப்பாரா என்று பாருங்கள். அலுவலக நேரத்தில் போய்க் கேள்வி கேளுங்கள். நம் ஊர்க் கூச்சம் இங்கே நஷ்டம். நான் முதல் செமஸ்டர் முழுக்க கடைசி வரிசை, கடிதம் கேட்டபோது அவருக்கு என் முகமே தெரியவில்லை.

முதல் செமஸ்டருக்கு என் யோசனை: 1411, பயாலஜி 1406, மேத் 2412. இதற்கு மேல் எதுவும் வேண்டாம், அதோடு வார இறுதியில் கவுன்டர் வேலை. பதின்மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு வரும் முதல் கிரேடுகள் உங்களுக்காகப் பேச வேண்டும். அனாட்டமியும் மைக்ரோவும் ஃபாலிலும் அடுத்த ஸ்பிரிங்கிலும் ஆர்கானிக்கோடு சேர்ந்து வரட்டும், ஒரு செமஸ்டரில் மூன்று லேப் மட்டும் சேரவிடாதீர்கள்.

ராப்பணி எழுதியது:

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை தங்கை. பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். நானும் இப்போது மருத்துவமனையில் ராப்பணிக்கு மாறிவிட்டேன், நிம்மதியாகத்தான் இருக்கிறேன். இங்கே சேர ரெசிடென்சி கேட்பார்கள், பார்ம்.டி-க்கு மேல் இன்னொரு வருடப் பயிற்சி. உங்கள் வயதுக் கணக்கில் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கவுன்டர் கண்ணம்மா எழுதியது:

அக்கா, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மணிக்கணக்கை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், மேற்பார்வை பார்த்த மருந்தாளுநர் பெயர், அன்றைக்கு மனதில் நின்ற ஒரு விஷயம். விண்ணப்பக் கட்டுரை எழுத உட்காரும்போது இதுதான் கை கொடுக்கும். நோயாளியின் பெயரோ அடையாளமோ மட்டும் நோட்டில் கூட வேண்டாம், நோயாளிகளின் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டம் விளையாட்டில்லை.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வந்திருக்கிறேன். ஐந்து கல்லூரிக்கு எழுதினேன். நான்கு பதில் வந்துவிட்டது, இரண்டு இடம் என் பழைய மைக்ரோபயாலஜியை ஏற்காது, ஒரு இடம் டபிள்யூ.ஈ.எஸ். வந்தபிறகு சொல்கிறேன் என்கிறது. பட்டம் இருப்பதால் வரலாறு, அரசியல் பாடங்கள் தேவையில்லை என்று ஒரு கல்லூரி சொன்னது, அது ஒரு ஆறுதல். கட்டம் போட்ட தாளை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். பெரியவன் அதைப் பார்த்துவிட்டு "அம்மா, உனக்கும் ஹோம்வொர்க் உண்டா" என்கிறான்.

பார்மசி போர்டில் விண்ணப்பம் போட்டாயிற்று. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு சின்னக் கடை, சொந்தமாக நடத்துபவர் ஒரு வயதான மருந்தாளுநர். அடுத்த சனிக்கிழமை வந்து பார் என்றிருக்கிறார்.

சிக்கல் ஒன்று. எனக்குப் பொருந்தும் நேரத்தில் உள்ள 1411 வகுப்பு நிரம்பிவிட்டது. காத்திருப்பில் மூன்றாவது ஆள். மாலை வகுப்பில் இடம் இருக்கிறது, ஆனால் லேப் இரவு ஒன்பதரைக்குத்தான் முடியும்.

புட்டிமூடி எழுதியது:

மூன்றாவது என்றால் கிடைத்துவிடும். கட்டணக் கெடு முடிந்த மறுநாள் காலை பாருங்கள், கட்டாதவர்களை நீக்கிவிடுவார்கள். அதுவரை மாலை வகுப்பிலும் ஒரு இடத்தைப் பிடித்து வைக்க உங்கள் காலேஜ் விடுமா என்று கேளுங்கள். 1411 ஜனவரியில் தவறினால் முழுச் சங்கிலியும் தள்ளிப்போகும்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

கிடைத்துவிட்டது! திங்கள், புதன் காலை 9.30. லேப் கண்ணாடி வாங்க வேண்டுமாம், மூக்குக்கண்ணாடிக்கு மேல் போடுகிற மாதிரி எது நன்றாக இருக்கும்?

மின்னல்வேகம் எழுதியது:

காலேஜ் புத்தகக் கடையில் விற்பதை வாங்காதீர்கள் அக்கா, பனி படிந்து ஒன்றும் தெரியாது. என்னுடையது நன்றாக இருக்கும், சும்மாதான் கிடக்கிறது. நானும் டல்லாஸ் பக்கம்தான், தனிச்செய்தி அனுப்புங்கள்.